பெயிண்ட் வாளியில் முளைத்ததெல்லாம்

"செடிப் படிப்புன்றியே, அதுல வளக்கச் சொல்லித் தருவாங்களா, பிடுங்கச் சொல்லித் தருவாங்களா?"

திண்டிவனத்தில் நான் தங்க வந்த முதல் நாள் அக்கா கேட்டது இது. அப்போது என் கையில் ஒரு சாக்குப்பை இருந்தது. மேல்சித்தாமூர்ப் பக்கம் எங்கள் ஊர் வரப்புகளில் வேரோடு பிடுங்கிய குப்பைமேனி, தும்பை, கீழாநெல்லி எல்லாம் அதற்குள் வாடிக் கிடந்தன. தாவரவியல் படிக்கிறவர்கள் செடிகளை வேரோடு எடுத்து, செய்தித்தாளுக்கு நடுவில் வைத்து அழுத்தி, காய்ந்ததும் அட்டையில் ஒட்டி, பெயரும் குடும்பமும் எழுதிக் கொடுக்க வேண்டும். அதற்கு மதிப்பெண் உண்டு. எங்கள் வீட்டில் முதன்முதலாகப் பள்ளிக்கூடம் போனவள் நான். போனதோடு நிற்காமல் கல்லூரி வரைக்கும் வந்துவிட்டேன். அப்படிப்பட்டவளை வாசலில் நிறுத்தி வைத்து இப்படிக் கேட்டால் எப்படி இருக்கும்?

"ரெண்டும்தான் சொல்லித் தருவாங்க" என்றேன்.

அவர் சாக்குப்பைக்குள் எட்டிப் பார்த்தார். "வளத்தத காணமே" என்றார்.

அவர் பெயரை இங்கே எழுதினால் கோபித்துக்கொள்வார். தெருவில் வாளியம்மா என்பார்கள். உறவில்லை, ஆனாலும் எனக்கு அக்கா. ஒரு மாடி வீட்டின் மேல் போர்ஷனில் இருந்தார். தெருவைப் பார்த்த நீளமான பால்கனி, அதை ஒட்டி ஓர் அறை. அந்த அறைதான் எனக்கு. பால்கனி முழுக்கப் பெயிண்ட் வாளிகள். அக்காவின் வீட்டுக்காரர் பெயிண்டர். பெங்களூருக்கு வேலைக்குப் போனவர் அங்கேயே யாரோடோ இருந்துவிட்டார். "ஆளு போயிட்டாரு, வாளிங்க நின்னுடுச்சு" என்று அக்கா சொல்லும்போது, வாளிகள் நின்றதில் அவருக்குத் திருப்தி என்றுதான் தோன்றும்.

பால்கனித் தோட்டம் என்றதும் அழகாக எதையாவது நினைத்துவிடக் கூடாது. அது ஒரு கூட்ட நெரிசல். அக்காவுக்குச் செடி வளர்க்கத் தெரியும் என்றுகூடச் சொல்ல மாட்டேன். எதற்கு எவ்வளவு வெயில், எதற்கு எவ்வளவு தண்ணீர் என்ற கணக்கெல்லாம் கிடையாது. எல்லாவற்றுக்கும் ஒரே சொம்பு. அவரிடம் இருந்தது ஒரே ஒரு குணம். முளைத்துவிட்ட எதையும் அவரால் பிடுங்க முடியாது. தின்று போட்ட பலாக்கொட்டை ஒரு வாளியில் முளைத்து, பால்கனிக் கூரையை முட்டிக் கழுத்தைச் சாய்த்து நின்றது. குளியலறைத் தண்ணீர் போகிற பொந்தில் ஒரு தக்காளி முளைத்திருந்தது. அது காய்த்து ஓயும்வரை நாங்கள் ஒரு பக்கமாக ஒதுங்கி நின்றுதான் குளித்தோம். மல்லிக்கு நடுவில் அறுகம்புல், துளசிக்கு நடுவில் நாயுருவி. "களைய எடுத்தா மல்லி நல்லா வரும்கா" என்றால், "அதுவும் வந்து நின்னுக்கினு இருக்குது இல்ல, எங்க போவும்?" என்பார்.

ஒருமுறை சுவர் வெடிப்பில் அரசங்கன்று முளைத்துவிட்டது. ஹவுஸ் ஓனர் வந்து, சுவர் பிளந்துவிடும், உடனே வெட்டுங்கள் என்று சத்தம் போட்டுவிட்டுப் போனார். அக்கா இரண்டு நாள் ஈரத்துணி சுற்றி வைத்து, வேரை ஒரு கரண்டிக் காம்பால் நெம்பி நெம்பி எடுத்தார். பாண்டிப் பக்கம் குயிலாப்பாளையத்தில் அவர் வேலை செய்த கெஸ்ட் ஹவுஸின் பின்பக்கம் இடம் இருந்தது. கன்றை மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் போனார். அன்றைக்கு நானும் கூடப் போனேன். கண்டக்டர் லக்கேஜ் போட வேண்டும் என்றார்.

"மடியில இருக்கிற புள்ளைக்கு டிக்கெட் போடுவியா?"

"இது புள்ளையா?"

"உனக்கு எப்பிடித் தெரியும்? நீ பெத்தியா?"

கண்டக்டர் சிரித்துவிட்டு அடுத்த சீட்டுக்குப் போய்விட்டார்.

அக்கா வேதக்காரர், அதாவது கிறிஸ்தவர். முன்னறையில் மாதா படம் இருந்தது. அதற்கு அன்றாடம் பால்கனியில் என்ன பூத்ததோ அதுதான் பூ. கோவிலில் இருந்து வீடு மந்திரிக்க வந்த சாமியார் தீர்த்தம் தெளித்துக்கொண்டே வந்தவர், மாதா படத்துக்கு முன்னால் அப்படியே நின்றுவிட்டார்.

"என்னம்மா இது, ஊமத்தம்பூ வெச்சிருக்கீங்க. இது விஷம்."

"மாதாவுக்கு ஏறாதுங்க சாமி."

அவர் ஊமத்தைக்கும் சேர்த்துத் தீர்த்தம் தெளித்தார்.

இதை எல்லாம் விட எனக்கு முக்கியமான ஒன்று இருந்தது. அந்த அறை எனக்குக் கிடைத்த நிபந்தனை. ஹாஸ்டலில் இடம் கிடைக்காதபோது, எங்கள் ஊரிலிருந்து அதே கெஸ்ட் ஹவுஸுக்கு வேலைக்குப் போகிற ஒருத்தர் சொல்லித்தான் அப்பா என்னை இங்கே கொண்டுவந்து விட்டார். மல்லாட்டை என்று நாங்கள் சொல்கிற வேர்க்கடலை மூட்டையைத் தோளிலிருந்து இறக்கி வைத்துவிட்டு, உட்காராமலே அக்காவிடம் சொன்னார்.

"எங்க ஜனத்துல பொண்ண வெளியூருல வுட்டுப் படிக்க வெக்கிறது நாந்தான் மொத ஆளு. ஊரே பாத்துக்கினு இருக்குது. ஒரு பேச்சு வந்துச்சுன்னா அன்னிக்கே கூட்டிக்கினு போயிடுவேன்."

"என் பொறுப்பு" என்றார் அக்கா.

"பொறுப்புன்னா?"

"பொறுப்புன்னா பொறுப்புதான். குந்துங்க, காபி குடிங்க."

கெஸ்ட் ஹவுஸில் அக்காவுக்குச் சமையல் வேலை. ஒரு கோடையில் அங்கே தங்கியிருந்த வெள்ளைக்காரப் பையன் ஒருவன் காய்ச்சலும் வாந்தியுமாகப் படுத்துவிட்டான். அக்கா கஞ்சியும் நாரத்தங்காய் ஊறுகாயும் கொடுத்துத் தேற்றினார். ஊருக்குக் கிளம்பும்போது அவன் பையைக் கவிழ்த்து, பாதி ஷாம்பு, ஒரு துண்டு, சுண்டுவிரல் நீளத்தில் ஒரு பிளாஸ்டிக் குழாய் எல்லாம் கொடுத்துவிட்டுப் போனான். குழாய்க்குள் மூன்று விதைகள். மேலே ஆட்டோ என்று ஆங்கிலத்தில் அச்சடித்திருந்ததைத் தவிர வேறு எழுத்தில்லை.

"பால்கனில வெய்யின்னான். வெயிலு, தண்ணி, போதுமாம். எந்த மாசமா இருந்தாலும் தானாப் பூக்குமாம். கையக் கையக் காட்டிச் சொன்னான்" என்றார் அக்கா.

ஏதோ வெளிநாட்டுப் பூ என்று நினைத்து மூன்றையும் ஒரே வாளியில் போட்டார். ஒன்றுதான் முளைத்தது. இரண்டு வாரத்தில் விரல் விரித்த மாதிரி இலை விட்டது. அக்கா என்னைக் கூப்பிட்டு, "நீதான் படிக்கிறியே, இன்னா செடி சொல்லு" என்றார்.

நான் இலையைத் தடவினேன், ஓரத்துப் பல்லைப் பார்த்தேன், இரண்டு முறை தலையை ஆட்டினேன். "புளிச்சகீரை ஜாதிக்கா. வெளிநாட்டு வகை. செம்பருத்திக் குடும்பம்" என்றேன். புளிச்சகீரைக்கும் இதே மாதிரி விரல் விரிந்த இலைதான். அக்கா உடனே பால்கனி ஓரமாகப் போய் நின்று, கீழே துணி காயப்போட்டுக்கொண்டிருந்தவரிடம் இதைச் சொல்லிவிட்டார். "வெளிநாட்டுப் புளிச்சகீரையாம், எங்க பொண்ணு சொல்லுது."

கீழே துணி காயப்போட்டவர் ஏட்டு வீட்டம்மா. ஆமாம், எங்களுக்கு நேர் கீழ் போர்ஷனில் குடியிருந்தது ஒரு போலீஸ் ஏட்டு.

அந்த வாரம் வகுப்பில் ஒளிக்காலம் நடத்திக்கொண்டிருந்தார்கள். சில செடிகள் பகல் குறைந்து இரவு நீளுகிறவரை பூக்காது என்ற பாடம். இங்கே பால்கனியில் ஆடி பிறப்பதற்குள் இந்தச் செடி, முழங்கால் உயரம்கூட இல்லாமல், யாரையும் கேட்காமல் பூக்கத் தொடங்கிவிட்டது. எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. கிட்டே போய்ப் பார்த்தேன். செம்பருத்திக் குடும்பம் என்றால் அகலமான இதழ் இருக்க வேண்டும். இதில் இதழே இல்லை. பச்சைக் கொத்து, அதிலிருந்து வெள்ளை நூல் மாதிரி நீட்டிக்கொண்டு நிற்கிறது, பிசுபிசுப்பு, ஒரு வாடை. மறுநாள் கல்லூரி நூலகத்தில் தடித்த தாவரப் புத்தகத்தை எடுத்து, இலை, பூ என்று ஒவ்வொன்றாகப் பொருத்திப் படிப்படியாக இறங்கிப் போய், பெயருக்கு வந்து சேர்ந்தேன். புத்தகத்தை மூடிவிட்டுப் பக்கத்தில் யாராவது பார்த்தார்களா என்று திரும்பிப் பார்த்தேன்.

வீட்டுக்கு வந்தபோது அக்கா வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தார்.

"அக்கா, அது புளிச்சகீரை இல்ல."

"நீதானே சொன்னே."

"தப்பா சொல்லிட்டேன். அது கஞ்சா."

அக்கா உரிப்பதை நிறுத்தவில்லை. "அந்தப் புள்ள நல்ல புள்ளையாத்தானே இருந்துச்சு. கஞ்சி குடிச்சிட்டுத் தட்டக் கழுவி வெச்சிட்டுப் போச்சு."

"புள்ள எப்பிடி இருந்தா என்னக்கா? வீட்டுல வளத்தாலே கேஸு. ஒரு செடியா இருந்தாலும் கேஸுதான். கீழ ஏட்டு இருக்காரு."

"செடிக்கு அது தெரியுமா?"

"சட்டத்துக்குத் தெரியும்."

"அது இன்னா தப்பு பண்ணுச்சு? பாண்டிச் சரக்கக் கடத்தறவன் பைக்குல போய்க்கினு வந்துக்கினு இருக்கான். இது வெச்ச எடத்துல நிக்குது. இதுக்கு ஜெயிலா?"

"அப்பாவுக்குத் தெரிஞ்சா என் படிப்பு போச்சுக்கா."

அவர் கடைசி வெங்காயத்தையும் உரித்து முடித்து, "எவ்வளவு நாளு இருக்கும் அது?" என்று கேட்டார்.

தேடிப் படித்ததைச் சொன்னேன். வெயில் காலம் குறைவாக இருக்கிற குளிர்நாடுகளில் இருந்து வந்த வகை. குழாயில் ஆட்டோ என்று இருந்தது இதைத்தான், பகலின் நீளத்துக்குக் காத்திராது. வயது வந்ததும் பூக்கும், பூத்து முடித்ததும் தானாகக் காய்ந்துவிடும்.

"பாத்தியா. அதுவே போயிடப் போவுது. போறத எதுக்குப் பிடுங்கிக்கினு?"

அதற்குப் பிறகு வந்த வாரங்களை நினைத்தால் இப்போது சிரிப்பு வருகிறது. அப்போது எனக்குச் சோறு இறங்கவில்லை. அக்கா கொடியில் எந்நேரமும் ஒரு புடவையைத் தொங்கவிட்டார், மழை பெய்தாலும் எடுப்பதில்லை. வாளியைப் பலாவுக்குப் பின்னால் தள்ளினார். ஆனால் வாடையை எங்கே தள்ளுவது? சாயங்காலக் காற்றில் அது படியிறங்கிப் போகும். காலையும் மாலையும் சாம்பிராணி போட ஆரம்பித்தார். ஒருநாள் ஏட்டு படிக்கட்டில் நின்று மூக்கை உறிஞ்சினார்.

"ஏம்மா, மேல ஏதாச்சும் வாசன வருதா?"

"சாம்பிராணி சார்."

"அது வருது. அது இல்லாம வேற ஒண்ணு."

"நவநாள் ஜெபம் நடக்குதுங்க சார். அதான் ரெண்டு வேளையும் போடறேன்."

"எவனோ தெருப் பசங்க புகைக்கிறானுங்க. மாட்டாமயா போவானுங்க" என்று சொல்லிவிட்டு அவர் தெருமுனை வரைக்கும் நடந்து போய்ப் பார்த்துவிட்டு வந்தார்.

ஏட்டு வீட்டம்மா வெள்ளிதோறும் மல்லி பறிக்க மேலே வருவார். அந்த வாரம் பூவைப் பறித்துக்கொண்டே, "யக்கா, அந்த வெளிநாட்டுப் புளிச்சகீரை ஒரு கைப்பிடி குடேன். இவருக்குத் தொவையல்னா உசுரு" என்றார். நான் புத்தகத்தைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

அக்கா அசையவில்லை. "பூ வெச்சிடுச்சும்மா. பூத்தா கீரை கசந்துடும். வாய்ல வெக்க முடியாது."

"பூத்துடுச்சா? பாக்கட்டுமா?"

"மொதல்ல குழம்ப எறக்கிட்டு வா. தீயிற வாட இங்க வரைக்கும் வருது."

அவர் அடித்துப் பிடித்துக்கொண்டு கீழே ஓடினார். குழம்பு தீயவில்லை. அப்புறம் மறுபடி ஏறி வர அவருக்குச் சோம்பல்.

ஆவணியில் வேளாங்கண்ணிக்கு நடைப்பயணம் கிளம்புவார்கள். எங்கள் தெருக் கோவிலிலிருந்தும் ஒரு கூட்டம் போகும். அக்கா வருடம் தவறாமல் காவிப் புடவை கட்டி, ஜெபமாலை போட்டுக்கொண்டு போவார். போய்ச் சேர ஒரு வாரத்துக்கு மேலாகும். அந்த வருடம் அப்பாவிடமிருந்து செய்தி வந்தது. அந்தம்மா இல்லாத வீட்டில் பெண் தனியாக இருக்கக் கூடாது, அவர் திரும்பி வரும்வரை நான் வந்து படுத்துக்கொள்கிறேன் என்று.

அப்பா எந்த வீட்டுக்குப் போனாலும் முதலில் பார்ப்பது அங்கே என்ன விளைகிறது என்பதைத்தான். பால்கனிக்குத்தான் போவார். புடவையை விலக்குவார். சாயங்காலம் பேச்சுத் துணைக்குக் கீழே இறங்கி ஏட்டுடன் உட்காருவார். எனக்கு அந்தக் காட்சி முழுவதும் கண்ணுக்குத் தெரிந்தது.

நானே பிடுங்கியிருக்கலாம். பிடுங்கப் பழகிய கைதான். ஆனால் அது அக்காவின் வாளி. அவர் வேலைக்குப் போன நேரத்தில் இரண்டு முறை பலாவுக்குப் பின்னால் போய் நின்றுவிட்டுத் திரும்பினேன். அவரிடம் போய், "அக்கா, அப்பா வர்றாரு" என்று மட்டும் சொன்னேன். "வரட்டும், உங்கப்பாதானே" என்றார். கிளம்புவதற்கு முதல் நாள்வரை வேறு எதுவும் பேசவில்லை.

கிளம்புகிற அன்று காலை நான் பல் துலக்கிக்கொண்டு பால்கனிக்கு வந்தபோது, காவிப் புடவையில் அக்கா அந்த வாளிக்கு முன்னால் குந்தியிருந்தார். மண்ணில் தண்ணீர் ததும்பி நின்றது. எப்போதும் ஊற்றுகிற ஒரு சொம்பு இல்லை, நிறைய ஊற்றியிருந்தார். மண் இளகட்டும் என்று காத்திருந்திருக்கிறார். பிறகு தண்டின் அடியைப் பிடித்து மெல்ல இழுத்தார். ஒரு வேர்கூட அறாமல் வந்தது. கொஞ்ச நேரம் கையிலேயே வைத்துக்கொண்டிருந்தார்.

எரித்தால் தெரு முழுக்க மணக்கும். குப்பையில் போட்டால் யாராவது பார்ப்பார்கள். அக்கா மல்லி வாளியில் குழி பறித்து, செடியைத் துண்டு துண்டாகக் கிள்ளிப் போட்டு மண்ணை மூடினார். எழுந்து கையைச் சோப்புப் போட்டுக் கழுவினார். மறுபடியும் கழுவினார்.

"எனக்காக பண்ணிட்டீங்களா அக்கா" என்றேன்.

"உனக்காக ஒண்ணும் இல்ல. பத்து நாளு நான் இருக்க மாட்டேன். பிடுங்கற படிப்பு படிக்கிற உன்ன நம்பி அத வுட்டுட்டுப் போவ முடியுமா?"

அவ்வளவுதான். பையை எடுத்துக்கொண்டு இறங்கிவிட்டார். மாதா படத்துக்கு முன்னால் அன்றைக்குப் பூ இல்லை. கூட்டம் பாட்டுப் பாடிக்கொண்டு ரோட்டுக்குத் திரும்புகிறவரை பால்கனியில் நின்று பார்த்தேன். அவர் திரும்பிப் பார்க்கவில்லை.

அப்பா அன்று மத்தியானம் வந்தார். நினைத்தது போலவே நேராகப் பால்கனிக்குப் போனார். புடவையை விலக்கினார்.

"இது ஏன் காலியா கெடக்குது?"

"ஒரு செடி இருந்துச்சுப்பா. போயிடுச்சு."

"மண்ண சும்மா போடக் கூடாது" என்று, கொண்டுவந்த பையிலிருந்து நாலு மல்லாட்டையை உடைத்து, பருப்பைக் கட்டைவிரலால் அழுத்தி ஊன்றினார். சாயங்காலம் ஏட்டுடன் உட்கார்ந்து மழையைப் பற்றிப் பேசினார். அக்கா வருகிற அன்று காலை ஊருக்குக் கிளம்பும்போது, "நல்ல எடம். படி" என்றார். அவர் என்னிடம் படி என்று சொன்னது அதுதான் முதல் முறை.

அக்கா கால் கொப்பளத்தோடு திரும்பி வந்து, செருப்பைக் கழற்றியதும் பால்கனிக்குத்தான் போனார். மல்லாட்டை முளைத்து, ஜோடி ஜோடியாக இலை விரித்திருந்தது.

"யாரு போட்டது?"

"அப்பா."

"உங்கப்பனுக்கு ஒண்ணும் தெரியல. இந்த வாளியில நாலு எப்பிடித் தாங்கும்?" என்று திட்டினார். அப்புறம் நாலுக்கும் தண்ணீர் ஊற்றினார். ஒன்றையும் எடுக்கவில்லை.

அந்த வருடம் மல்லி பூத்த பூவை யாராலும் பறித்து முடிக்க முடியவில்லை. ஏட்டு வீட்டம்மா தலை கொள்ளாமல் வைத்துக்கொண்டு, "இன்னா உரம்கா போட்டே?" என்று கேட்டுக்கொண்டே இருந்தார். "ஒரே ஒரு தடவ வெளிநாட்டு உரம் போட்டேம்மா. இனிமே கெடைக்காது" என்றார் அக்கா, முகத்தில் ஒரு சிரிப்பும் இல்லாமல்.

நான் முதல் வகுப்பில் தேறினேன். மேலே படித்தேன். அக்காவுக்குக் கெஸ்ட் ஹவுஸிலேயே தங்க அறை கொடுத்தார்கள். வாளிகளை ஒரு சின்ன லாரியில் ஏற்றிக்கொண்டு குயிலாப்பாளையத்துக்கே போய்விட்டார். பலாவுக்கு அங்கே கழுத்தை நிமிர்த்த இடம் கிடைத்தது. அரசங்கன்று என்னை விட உயரம்.

நான் இப்போது விழுப்புரத்தில் இருக்கிறேன். கேப்பையில் சில வகை பகல் குறையக் காத்திருக்கின்றன, சில வகை வயது வந்ததும் கதிர் விடுகின்றன. அது ஏன் என்பதுதான் என் ஆராய்ச்சி. அந்தக் கேள்வி எனக்கு எந்தப் பால்கனியில் கிடைத்தது என்பதை என் வழிகாட்டியிடம் சொன்னதில்லை. போன வாரம் சோதனைத் தொட்டி ஒன்றில், கேப்பைக்கு நடுவில் வேறெதுவோ முளைத்திருந்தது. ஆராய்ச்சித் தொட்டியில் களை இருக்கக் கூடாது. "எடுத்துடுங்கம்மா" என்றார் வழிகாட்டி. எடுத்தேன், முதலில் நிறையத் தண்ணீர் ஊற்றி, மண் இளகக் காத்திருந்து. தாளில் சுற்றி வீட்டுக்குக் கொண்டுவந்தேன். மொட்டைமாடியில் வெள்ளையடித்த ஆட்கள் விட்டுப்போன வாளி ஒன்று இருந்தது. அடியில் ஓட்டை போட்டு, மண் நிரப்பி, அதில் நட்டு, என் பால்கனியில் வைத்தேன். பிறகு அக்காவுக்கு போன் செய்தேன்.

"அக்கா, ஒண்ணு முளைச்சிருக்குது. இன்னா செடின்னு தெரியல."

"படிச்சவளுக்கே தெரியலையா?"

"ரெண்டு எலதான் விட்டிருக்குது."

"வெரல் வெரலா இருக்குதா பாரு."

"இல்லக்கா. நல்லாப் பாத்துட்டேன்."

"அப்போ தண்ணி ஊத்து."

"ஊத்திட்டுத்தான்க்கா பேசறேன்."